கன்ட்ரோல் சேனலுக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மொபைல் வலையமைப்பில் குறைந்த தாமதம் என்றதும் எல்லோர் கண்ணும் டேட்டா சேனல் மேல்தான் போகிறது. வந்திருக்கும் கேள்விகளைப் படித்தால் சிக்கல் பெரும்பாலும் அதற்கு முந்தைய படியில்தான் இருக்கிறது: யார், எப்போது, எந்த இடத்தில் அனுப்பலாம் என்று சொல்லும் அந்தச் சில பிட்டுகளில், அதாவது கன்ட்ரோல் சேனலில்.

5ஜி சோதனை வலையமைப்பில் டேட்டா சேனல் ஏறக்குறைய காலி. ஆனாலும் ஒரு சின்ன பாக்கெட் அப்லிங்கில் (சாதனத்திலிருந்து பேஸ் ஸ்டேஷனுக்கு) போய்ச் சேர 10 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது. நேரம் எங்கே போகிறது?

காத்திருப்பதில் போகிறது. உங்கள் அமைப்பு துணை அலைகளுக்கிடையே 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி, மூன்று டவுன்லிங்க் (பேஸ் ஸ்டேஷனிலிருந்து சாதனத்துக்கு), திசை மாறும் ஒரு ஸ்பெஷல், ஒரு அப்லிங்க் என்ற டிடிடி வரிசை (இரு திசைகளும் ஒரே அதிர்வெண்ணை நேரம் பிரித்துப் பயன்படுத்தும் முறை) என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்லாட், அதாவது ஒரு நேரத் துண்டு, அரை மில்லிசெகண்ட். ஆக முழு அப்லிங்க் ஸ்லாட் 2.5 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் வரும். சாதனத்தில் பாக்கெட் வந்ததும் அது முதலில் ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட் (அனுப்ப இடம் கேட்கும் குறிப்பு) அனுப்பியாக வேண்டும். அதற்கான வாய்ப்பை 20 ஸ்லாட்டுக்கு ஒன்று என்று வைத்திருந்தால் சராசரியாக 5 மில்லிசெகண்ட், மோசமான நேரத்தில் 10 மில்லிசெகண்ட் அங்கேயே கழிந்துவிடும். பிறகு கிரான்ட் (அனுப்ப அனுமதி) வர வேண்டும், அடுத்த அப்லிங்க் ஸ்லாட் வர வேண்டும்: இன்னொரு 2.5. முதல் கிரான்ட் சிறியதாக இருந்து, பஃபர் நிலவரம் (காத்திருக்கும் டேட்டாவின் அளவு) மட்டும் போனால் மேலும் ஒரு சுற்று. பாக்கெட் காற்றில் பறந்த நேரம் என்னவோ அரை மில்லிசெகண்ட்தான்.

இதில் எனக்கு ஆதங்கம் உண்டு. ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட்டுக்கான இடம் மிகவும் மலிவானது. பியுசிசிஎச் (அப்லிங்க் கன்ட்ரோல் சேனல்) ஃபார்மட் 0-வில் ஒரே ஒரு ரிசோர்ஸ் பிளாக் (அதிர்வெண் துண்டு), ஒன்றிரண்டு சிம்பல் (ஸ்லாட்டின் 14-ல் ஒரு பகுதி). அதிலேயே சாதனங்களைப் பிரித்தறிய 12 சுழற்சி நகர்வுகள். எதிரொலிப் பரவல் அதிகமுள்ள இடத்தில் அவற்றில் பாதியைத்தான் நம்ப முடியும் என்றே வைத்துக்கொண்டாலும் ஆறு சாதனங்களுக்கு இடம் உண்டு. இதில் கஞ்சத்தனம் செய்துவிட்டு ஷெட்யூலரைக் குறை சொல்வது நியாயமில்லை. போக்குவரத்து சீரான இடைவெளியில் வருவதாக இருந்தால் கன்ஃபிகர்டு கிரான்ட் (முன்கூட்டியே தரும் அனுமதி) கொடுத்து, கேட்டு வாங்கும் படியையே நீக்கிவிடுங்கள்.

கோர்செட்டுக்கு (டவுன்லிங்க் கன்ட்ரோல் செய்திகளுக்கான இடம்) ஒரு சிம்பல் போதாதா? கூடுதலாகக் கொடுத்தால் டேட்டா வேகம் குறையுமே?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மெகாஹெர்ட்ஸ், 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் 51 ரிசோர்ஸ் பிளாக். கோர்செட்டை ஆறு ஆறாகத்தான் ஒதுக்க முடியும். எனவே கைக்கு வருவது 48. கன்ட்ரோல் இடத்தை அளக்கும் அலகான ஒரு சிசிஇக்கு ஆறு ரெக் தேவை. ரெக் என்பது ஒரு சிம்பலில் ஒரு ரிசோர்ஸ் பிளாக். ஆகவே ஒரு சிம்பலுக்கு வெறும் 8 சிசிஇ. செல் ஓரத்தில் இருக்கும் ஒரு சாதனத்துக்கு அக்ரிகேஷன் அளவு (ஒரு செய்தி எடுக்கும் சிசிஇ எண்ணிக்கை) 8 தேவைப்பட்டால் அந்த ஸ்லாட்டில் வேறு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. டவுன்லிங்க் அறிவிப்பு, அப்லிங்க் கிரான்ட் இரண்டும் இதே 8-க்குள்தான் அடங்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டு சிம்பல் என்றால் 16 சிசிஇ. கூடுதல் செலவு 14-ல் ஒரு பங்கு, சுமார் 7 சதவீதம். தாமதம் முக்கியம் என்றால் யோசிக்காமல் கொடுப்பேன். எல்டிஇயில் (4ஜி) கன்ட்ரோல் பகுதி அலைவரிசையின் முழு அகலத்துக்கும் பரந்திருந்தது. 5ஜியில் அப்படியில்லை, கோர்செட்டைக் குறுக்கலாம், அந்த ஸ்லாட்டில் அது காலியாக இருந்தால் ரேட் மேட்சிங் அறிவிப்பு மூலம் டேட்டாவுக்கே திருப்பிக் கொடுக்கவும் வழி உண்டு.

இன்னொன்று: சராசரிப் பயன்பாட்டைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சராசரி குறைவாகவே காட்டும்; அவசரப் பாக்கெட்டுகள் ஒன்றாகக் கிளம்பி வரும் அந்த ஒரு ஸ்லாட்டில்தான் அடைப்பு ஏற்படும். சிசிஇ கிடைக்காமல் தள்ளிப்போன கிரான்ட்டுகளின் எண்ணிக்கையைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

99.999 சதவீத நம்பகத்தன்மை வேண்டும். எல்லோருக்கும் அக்ரிகேஷன் அளவு 16 வைத்துவிடலாமா?

வேண்டாம். மேலே சொன்ன 16 சிசிஇயில் ஒரே சாதனம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். நம்பகத்தன்மை கூடும், பக்கத்தில் இருப்பவரின் தாமதமும் சேர்ந்து கூடும்.

ஆனால் கேள்வியின் அடிப்படை சரியானது. லட்சத்தில் ஒன்றுக்கு மேல் தவறக்கூடாது என்றால் டேட்டாவும் கன்ட்ரோலும் இரண்டுமே தேற வேண்டும். டேட்டா கெட்டுப்போனால் சாதனம் நாக் (சரியாகக் கிடைக்கவில்லை என்ற பதில்) அனுப்பிச் சொல்லும். டிசிஐயே (கன்ட்ரோல் செய்தியே) கிடைக்கவில்லை என்றால் தனக்கு ஏதோ வந்தது என்பதே அதற்குத் தெரியாது. பேஸ் ஸ்டேஷனுக்குக் கிடைப்பது மௌனம்தான். எல்டிஇ காலத்தில் பிடிசிசிஎச்சுக்கு (டிசிஐயைச் சுமக்கும் சேனல்) ஒரு சதவீதப் பிழை வரை ஏற்றுக்கொண்டு வடிவமைத்துப் பழகிவிட்டோம். ஒரே முயற்சியில் முடிய வேண்டிய இடத்தில் அந்தப் பழக்கம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இரண்டாவது முயற்சிக்கு நேரம் இருந்தால் ஆயிரத்தில் ஒன்று என்ற பிழை, இரண்டு முயற்சியிலும் சேர்ந்து பத்து லட்சத்தில் ஒன்றாகும். ஆனால் இரண்டும் ஒரே சிக்னல் மங்கலில் மாட்டிக்கொண்டால் இந்தக் கணக்கு செல்லாது. அடுத்த முயற்சியை வேறு அதிர்வெண்ணிலோ வேறு பீமிலோ அனுப்புங்கள்.

சிசிஇயைக் கூட்டாமலே பலம் கூட்டவும் ஒரு வழி இருக்கிறது: செய்தியைச் சுருக்குவது. 5ஜி தரநிலையின் ரிலீஸ் 16-ல் வந்த டிசிஐ 0_2, 1_2 ஃபார்மட்டுகளில் பல புலங்களின் நீளத்தை நாமே குறைக்கலாம். ஒரு சிசிஇயில் 72 ரிசோர்ஸ் எலிமென்ட். அதில் 18 ரெஃபரன்ஸ் சிக்னலுக்குப் போக மீதி 54. ஒவ்வொன்றும் 2 பிட் சுமக்கும் க்யூபிஎஸ்கே என்பதால் 108 பிட். 60 பிட் செய்தியோடு 24 பிட் சிஆர்சி (பிழை சோதனைப் பிட்டுகள்) சேர்ந்தால் 84. செய்தியை 40-ஆகச் சுருக்கினால் 64. அதே இடத்தில் கோட் ரேட் (குறைந்தால் பலம் கூடும்) 0.78-லிருந்து 0.59-க்கு இறங்கிவிடுகிறது. முதலில் இதைச் செய்யுங்கள். அதன் பிறகும் தேறாத சாதனங்களுக்கு மட்டும் 16.

ஒரு ஸ்லாட்டில் ஏழு முறை பிடிசிசிஎச்சைப் பார்க்கச் சொன்னால் தாமதம் குறையுமா?

குறையும், ஆனால் சாதனத்தின் கணக்குத் திறனுக்கு வரம்பு இருக்கிறது. ரிலீஸ் 15 விதிப்படி 30 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஸ்லாட்டுக்கு 36 பிளைண்ட் டிகோடிங் (தனக்கான செய்தி இருக்கிறதா என்று தேடும் முயற்சி), 56 சிசிஇ. ஏழாகப் பிரித்தால் தலா ஐந்து முயற்சி. தேவையில்லாத அக்ரிகேஷன் அளவுகளுக்கு சுழியம் என்று வைத்து அந்த ஐந்தையும் பயனுள்ளதாக்குங்கள். ரிலீஸ் 16 சாதனங்கள் இந்த வரம்பைச் சிறு இடைவெளிகளாகக் கணக்கிட முடியும் என்பதால் அங்கே கொஞ்சம் தாராளம் உண்டு.

அவசரப் போக்குவரத்துக்குத் தனியாகக் கன்ட்ரோல் இடம் ஒதுக்குவதா, பொதுவில் விட்டுவிடுவதா?

கொஞ்சமாவது தனியாக ஒதுக்குங்கள். டேட்டா விஷயத்தில் ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அவசரப் பாக்கெட்டை நுழைக்கலாம். இழந்தவருக்கு டிசிஐ 2_1 மூலம் பிறகு தெரிவிக்கலாம். தெரிவிக்காவிட்டால் அவர் குப்பையையும் சேர்த்து டிகோட் செய்து, அடுத்த மறு அனுப்புதலையும் கெடுத்துக்கொள்வார். ஆனால் அந்த நுழைவை அறிவிக்கவே ஸ்லாட்டின் நடுவில் ஒரு பிடிசிசிஎச் வாய்ப்பு வேண்டும். அது இல்லாமல் ப்ரீஎம்ப்ஷன் (நிறுத்திவிட்டு நுழைக்கும்) வசதியை மட்டும் திறந்து வைப்பதில் பயனில்லை. ஒரு சிம்பல் நீளத்தில், நான்கைந்து சிசிஇ கொண்ட குறுகிய கோர்செட் போதும்.

எங்களிடம் எல்டிஇ எஃப்டிடி (இரு திசைக்கும் தனித்தனி அதிர்வெண்) மட்டுமே இருக்கிறது. ஏதாவது செய்ய முடியுமா?

சப்ஃபிரேம் 1 மில்லிசெகண்ட், ஹார்க் (பிழையானால் மறு அனுப்புதல்) சுற்று 8 மில்லிசெகண்ட். இவற்றை அமைப்பு மாற்றத்தால் மட்டும் உடைக்க முடியாது. ஷெட்யூலிங் ரிக்வெஸ்ட் இடைவெளியைக் குறையுங்கள், சீரான போக்குவரத்துக்கு செமி-பெர்சிஸ்டன்ட் ஷெட்யூலிங் (முன்கூட்டியே ஒதுக்கிய இடம்) கொடுங்கள். அதைவிடவும் குறைந்த தாமதம் கட்டாயம் என்றால் 5ஜிக்கு மாறுவதை யோசியுங்கள்.