கலவை வால்வுக்குக் காப்புரிமை: "எல்லாம் அறிந்த பாகங்களே" என்ற மறுப்புக்கு எப்படிப் பதில் எழுதுவது?

சோலார் ஹீட்டர் உள்ள வீடுகளுக்காக, சுடுநீரையும் குளிர்நீரையும் தானாகவே கலந்து ஒரே வெப்பநிலையில் தரும் வால்வு ஒன்றுக்கு விண்ணப்பித்ததாகவும், அதிலுள்ள பாகங்கள் எல்லாம் ஏற்கெனவே அறியப்பட்டவை என்று முதல் ஆய்வு அறிக்கை வந்திருப்பதாகவும், இனிப் பதில் எழுதுவதில் பயனுண்டா, வால்வையே கொண்டுபோய்க் காட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பதில் எழுதுவதில் பயனுண்டு. வால்வைக் காட்டுவதில் இல்லை. ஏறத்தாழ இதே பொருளுக்கு வந்த இதே மறுப்புக்குக் கோயம்புத்தூரில் ஒரு சிறு பட்டறையிலிருந்து நான் பதில் எழுதியிருக்கிறேன். நான் காப்புரிமை முகவர் அல்லன், இயந்திரவியல் படித்தவன். ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாகக் கொள்ளாமல், ஒரு முறை அந்த வழியில் நடந்தவனின் அனுபவமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த அறிக்கை நிராகரிப்பு ஆணை அன்று. மறுப்பே எழாமல் நேராக உரிமை கிடைக்கும் விண்ணப்பங்கள் அரியவை. இது தெரிந்திருந்தும், ஆய்வாளர் என் வால்வைப் புரிந்துகொள்ளவில்லை என்று நான் பத்து நாட்கள் கோபத்தில் இருந்தேன். எங்கள் முகவர்தான் கேட்டார்: "அவர் உங்கள் வால்வை எங்கே பார்த்தார்? நீங்கள் எழுதிய முதல் உரிமைக்கோரலைத்தானே பார்த்தார்?" எதற்கு உரிமை கேட்கிறோம் என்று வரையறுக்கும் அந்தக் கோரலை மறுபடி எடுத்துப் படித்தேன். வெப்பத்தில் விரியும் மெழுகு நிரப்பிய குப்பி, அது தள்ளும் உருளை, எதிர்விசை தரும் ஸ்பிரிங், நீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு, வடிகட்டி என்று ஐந்து பாகங்களை வரிசையாக அடுக்கி, இவற்றை உடைய வால்வு என்று முடித்திருந்தேன். ஐந்தும் கடையில் கிடைப்பவை. அறிக்கையை எழுதியவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

மெழுகைக் கொண்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் உத்தி 1930-களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் காப்புரிமை பெற்றது. கார் ரேடியேட்டரில் உள்ள தெர்மோஸ்டாட் இன்றும் அப்படித்தான் இயங்குகிறது. குப்பிக்குள் அடைபட்ட மெழுகு உருகும்போது கன அளவில் பத்து சதவீதத்துக்கும் மேல் விரிந்து ஓர் ஊசியை வெளியே தள்ளுகிறது. ஊசி உருளையை நகர்த்திச் சுடுநீர் வழியைக் குறுக்கிக் குளிர்நீர் வழியை அகலப்படுத்துகிறது. கலந்த நீர் ஆறினால் ஸ்பிரிங் எல்லாவற்றையும் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது. மின்சாரமே வேண்டாத இந்த அழகான ஏற்பாட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் என் விண்ணப்பம் நான்தான் கண்டுபிடித்தேன் என்பதுபோல எழுதப்பட்டிருந்தது. சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில் ஜி05டி 23/13 என்ற குறியீட்டின் கீழும் எஃப்16கே 11 என்ற குறியீட்டின் கீழும் தேடியிருந்தால் இதே குடும்பத்து வால்வுகள் விண்ணப்பிக்கும் முன்பே என் கண்ணில் பட்டிருக்கும். நான் தேடியது "சோலார் மிக்சிங் வால்வு" என்ற சொற்களை மட்டுமே. காப்புரிமை ஆவணங்களில் சோலார் என்ற சொல் வர வேண்டிய அவசியமே இல்லை.

உங்கள் அறிக்கையில் இரண்டு மறுப்புகள் கலந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். அவற்றைப் பிரித்துப் படியுங்கள். காப்புரிமைச் சட்டம் 1970-இன் 3(எஃப்) பிரிவு, தனித்தனியாகத் தத்தம் வழக்கமான வேலையையே செய்யும் அறிந்த சாதனங்களைச் சும்மா அடுக்கிவைப்பது கண்டுபிடிப்பே ஆகாது என்கிறது. 2(1)(ஜேஏ) பிரிவு கேட்பது வேறு: துறை அறிந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி. என் வடிகட்டி வடிகட்டும் வேலையைத்தான் செய்தது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் மெழுகுக் குப்பியின் நடத்தை மாறாது. நீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வும் அப்படியே. இரண்டையும் முதல் உரிமைக்கோரலிலிருந்து எடுத்து, அதைச் சார்ந்து பின்னால் வரும் சார்புக் கோரல்களில் வைத்தவுடன், 3(எஃப்) மறுப்புக்குப் பிடிமானம் வெகுவாகக் குறைந்தது. பாகங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கண்டுபிடிப்பு பெரிதாகத் தெரியும் என்று நினைப்பது நம்மைப் போன்ற பட்டறைக்காரர்களின் பொதுவான மயக்கம்.

இரண்டாவது மறுப்புதான் உண்மையான சண்டை. ஆய்வாளர் இரண்டு ஆவணங்களைக் காட்டியிருந்தார். முதல் ஆவணம் ஐரோப்பிய மெழுகு வால்வு ஒன்று. என் வால்வின் உள்ளமைப்பு அதை ஒட்டியே இருந்தது. இரண்டாவது, இரண்டு திரவங்களையும் ஓர் அறைக்குள் சுவரை ஒட்டிச் சாய்வாகச் செலுத்திச் சுழலவைத்துக் கலக்கும் ஒரு தொழிற்சாலைச் சாதனம். முதலாவதில் இல்லாதது இரண்டாவதில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் உங்கள் வால்வு வந்துவிடும் என்பது அவர் வாதம். அந்த "இல்லாதது" என்ன என்று பார்த்தபோதுதான், என் விண்ணப்பத்தில் உண்மையிலேயே புதிதாக இருந்தது ஒரே ஒரு விஷயம் என்பது எனக்கே புரிந்தது. குளிர்நீர் நுழையும் துளைகள் சாய்வாக இருந்தன.

அந்தச் சாய்வின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் மாதிரிகளில் இரண்டு பக்கத் துளைகளும் நேராகவே இருந்தன. நீரின் வெப்பம் ஊசலாடிக்கொண்டே இருந்தது. பிறகு உடலின் அளவைச் சுருக்கியபோது, குளிர்நீர் வரும் பக்கத்தில் டிரில் பிட் நேராக உள்ளே போக இடமில்லாமல் போயிற்று. லேத்தில் இருந்த அண்ணன், "நேரா விட முடியாதுங்க, கொஞ்சம் சாய்ச்சுப் போட்டுக்கலாமுங்க" என்று சொல்லிச் சாய்த்தே போட்டுவிட்டார். அந்த மாதிரியைத் தண்ணீரில் மாட்டியபோது ஊசலாட்டம் ஏறக்குறைய அடங்கிவிட்டது. உடல் சிறியதானதால் வந்த நன்மை என்றே முதலில் நினைத்தோம். பழைய பெரிய உடலிலும் துளையைச் சாய்த்துப் பார்த்த பிறகுதான் காரணம் துளையில் இருப்பது தெரிந்தது.

ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கு நம் வீடுகளின் நீரழுத்தத்தைப் பார்க்க வேண்டும். மேல்நிலைத் தொட்டி குளியலறைக் குழாய்க்குப் பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம், பார் என்ற அழுத்த அலகில், ஏறத்தாழ 0.3தான். ஐரோப்பிய வால்வுகள் பெரும்பாலும் அதைப்போலப் பல மடங்கு அழுத்தத்துக்கு வடிவமைக்கப்பட்டவை. அழுத்தம் பத்தில் ஒரு பங்கானால், குறுகிய வழியில் பாயும் நீரின் வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. வேகமாகப் பாயும் நீர் கொந்தளித்துத் தானே கலந்துவிடும். மெதுவாகப் பாயும்போது சுடுநீர் ஒரு பக்கமும் குளிர்நீர் ஒரு பக்கமும் இழைபிரிந்து போகின்றன. மெழுகுக் குப்பியை எந்த இழை தொடுகிறதோ அதைத்தான் அது கலந்த நீரின் வெப்பம் என்று நம்புகிறது; தவறாக நம்பி உருளையைத் தள்ளுகிறது; பிறகு திருத்திக்கொள்கிறது; மறுபடி தவறுகிறது. ஊசலாட்டம் என்பது இதுதான். குளிர்நீரை மட்டும் சுவரை ஒட்டிச் சுழலவிட்டு, சுடுநீரை அந்தச் சுழலை வெட்டிக்கொண்டு நேராக உள்ளே வரவைத்தால், குறைந்த வேகத்திலேயே இரண்டும் கலந்த பிறகு நீர் குப்பியை அடைகிறது.

எங்கள் பதில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது. முதல் ஆவணத்தில் ஊசலாட்டம் ஒரு சிக்கலாகவே பேசப்படவில்லை, ஏனெனில் அதன் அழுத்தத்தில் அது எழவில்லை. இல்லாத சிக்கலுக்குத் தீர்வு தேடி ஒருவர் இரண்டாவது ஆவணத்துக்குப் போக மாட்டார். குறைந்த அழுத்தம் தனிச் சிக்கல்தான் என்பதற்குச் சான்றாக, ஐரோப்பியத் தரநிலைகளே உயர் அழுத்த வால்வுகளுக்கு ஈ.என். 1111 என்றும் குறைந்த அழுத்த வால்வுகளுக்கு ஈ.என். 1287 என்றும் தனித்தனியே இருப்பதைக் காட்டினோம். அடுத்தது இன்னும் வலுவானது. இரண்டாவது ஆவணம் சொல்வதை அப்படியே செய்து இரண்டு நீரையும் ஒரே திசையில் சுழலவிட்டால், அடர்த்தி கூடிய குளிர்நீர் சுவரை நோக்கி ஒதுங்கவும் சுடுநீர் நடுவில், அதாவது குப்பி இருக்கும் இடத்தில், சேரவும் வாய்ப்புண்டு. ஆகவே அந்த ஆவணத்தைப் பின்பற்றுபவர் எங்கள் வால்வுக்கு எதிர்த்திசையில்தான் போவார். ஒன்றை மட்டும் சாய்த்து மற்றதை நேராக விட வேண்டும் என்பதை இரண்டு ஆவணங்களில் எதுவும் சொல்லவில்லை, தனித்தனியாகப் படித்தாலும், சேர்த்துப் படித்தாலும்.

இதில் நான் வீணடித்த பக்கங்களும் உண்டு. 60 டிகிரி நீர் ஐந்து வினாடிகளில் தோலை ஆழமாகப் புண்ணாக்கிவிடும் என்று மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் இருவரும் 1947-இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. வெயில் காலப் பிற்பகலில் சோலார் தொட்டியின் நீர் அதையும் தாண்டும். இதைப் பற்றி நான் இரண்டு பக்கம் உருக்கமாக எழுதி வைத்திருந்தேன். முகவர் அதை முழுவதுமாக அடித்துவிட்டார். வால்வு தேவை என்பதை யாரும் மறுக்கவில்லை. முதல் ஆவணத்து வால்வும் அதே தேவைக்குத்தான் பிறந்தது.

"பட்டறையில் தற்செயலாக வந்ததற்கு உரிமை கேட்கலாமா" என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. பாத்திரங்களைக் கடைசல் பிடிக்கும்போது பிடித்துவைக்கும் சாதனம் ஒன்றைப் பற்றிய பிஸ்வநாத் பிரசாத் வழக்கில், 1978-இல் உச்ச நீதிமன்றம் வெறும் பட்டறை மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்று சொல்லி அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. எங்கள் துளை சொல்லுக்குச் சொல் பட்டறை மேம்பாடு அல்லவா? ஆனால் நீதிமன்றம் சொன்னது இடத்தைப் பற்றி அன்று. தொழில் தெரிந்த எவரும் வழக்கமான திறமையால் செய்துவிடக்கூடிய மாற்றத்தைப் பற்றி. ஒருவர் அதை யோசித்து அடைந்தாரா, இடமில்லாமல் அடைந்தாரா என்பதைச் சட்டம் கேட்பதில்லை. அண்ணன் துளையைச் சாய்த்தது வழக்கமான திறமையால்தான் என்று நீங்கள் சொல்லலாம். ஊசலாட்டத்தை நிறுத்துவதற்காகக் குளிர்நீர்ப் பக்கத்தை மட்டும் சாய்க்க வேண்டும் என்பது எங்கள் இருவருக்குமே முன்கூட்டித் தோன்றவில்லை என்பதே என் விடை.

எல்லாம் காப்பாற்றப்பட்டது, கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்தோடு கொடுத்த விவரக்குறிப்பில் இருந்த ஒரே ஒரு வாக்கியத்தால். "குளிர்நீர்த் துளைகளை மட்டும் சாய்வாக அமைப்பது குறைந்த அழுத்தத்திலும் குப்பியைச் சுற்றி வெப்பம் சீராக இருக்க உதவுகிறது" என்று எட்டாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். படத்திலும் சாய்வு தெரிந்தது. 59-ஆம் பிரிவின்படி, திருத்திய உரிமைக்கோரல் முன்பிருந்ததன் எல்லைக்குள்ளேயே அடங்க வேண்டும். முதலில் வெளிப்படுத்தாத எதையும் இப்போது உள்ளே கொண்டுவர முடியாது. ஆகவே உங்கள் விவரக்குறிப்பை இன்றிரவே பென்சிலுடன் உட்கார்ந்து படியுங்கள். எந்த வாக்கியத்தில் "இதனால் இது நடக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள் என்று அடிக்கோடிடுங்கள். உங்கள் பதில் அந்த வாக்கியங்களில்தான் இருக்கும். விண்ணப்பித்த பிறகு நீங்கள் கண்ட மேம்பாட்டை இதில் திணிக்க முயலாதீர்கள். அதற்கு 54-ஆம் பிரிவின்கீழ் கூடுதல் காப்புரிமை என்ற தனி வழி இருக்கிறது, அதற்குத் தனிப் புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை.

வால்வைக் காட்டுவது பற்றி: எங்கள் எழுத்துப் பதிலுக்குப் பிறகும் ஒரு மறுப்பு மிஞ்சியதால் விசாரணைக்கு அழைப்பு வந்தது. அது காணொளி வழியாக நடந்தது. நான் அறுத்து உள்பக்கம் தெரியும்படி செய்த வால்வு ஒன்றைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தேன். விசாரணை நடத்திய காப்புரிமை அலுவலகக் கட்டுப்பாட்டாளர் கேட்டது ஒரே கேள்வி: சாய்வு எந்தக் கோணத்திலிருந்து எந்தக் கோணம் வரை என்பது உரிமைக்கோரலில் இல்லையே, அது விவரக்குறிப்பில் இருக்கிறதா? இருந்தது. பக்க எண்ணைச் சொன்னோம். அவர் புரட்டிப் பார்த்தார். வால்வு மேசையிலேயே இருந்தது. விசாரணை முடிந்த 15 நாட்களுக்குள் கோண எல்லையையும் சேர்த்துத் திருத்திய கோரலை எழுத்தில் கொடுத்தோம். பிறகு உரிமை வந்தது.

கிடைத்தது குறுகிய உரிமைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். துளைகளை நேராகப் போட்டு வேறு வழியில் கலக்கும் ஒருவரை நான் தடுக்க முடியாது. ஆனால் முதலில் நான் கேட்ட அகலமான உரிமை ஒருவேளை கிடைத்திருந்தாலும், யாராவது அந்த ஐரோப்பிய ஆவணத்தை எடுத்துக்கொண்டு வந்தால் அது ஒரே நாளில் விழுந்திருக்கும்.

விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பாளர்களாக என் பெயருக்குக் கீழே லேத் அண்ணனின் பெயரும் இருக்கிறது. எல்லா மாதிரிகளையும் அவரே செய்தார் என்ற நன்றியில் சேர்த்தேன். நன்றிக்காகப் பெயர் சேர்ப்பது சட்டப்படி சரியன்று என்று முகவர் அப்போதே கண்டித்தார். கடைசியில் உரிமை நின்றது அவர் போட்ட துளையில். உங்கள் வால்விலும் யார் எதைச் செய்தார்கள் என்பதை இப்போதே ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

இறுதியாக, நாள் கணக்கு. அறிக்கை அனுப்பப்பட்ட தேதியிலிருந்து ஆறு மாதங்கள் உங்களுக்கு உண்டு. நீங்கள் அதைத் திறந்து படித்த தேதியிலிருந்து அன்று. இன்னும் மூன்று மாதம் தேவையென்றால் அந்த ஆறு மாதம் முடியுமுன்பே படிவம் 4-இல் கேட்டுவிட வேண்டும். தவறினால் நீங்களே விண்ணப்பத்தைக் கைவிட்டதாக 21-ஆம் பிரிவு கருதிவிடும். உங்கள் அறிக்கையின் தேதியை நீங்கள் கேள்வியில் எழுதவில்லை.