சாண்டி ஹூக்கில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகும் அமெரிக்கா துப்பாக்கிச் சட்டத்தை ஏன் மாற்றவில்லை?

அமெரிக்கர்களுக்கு அக்கறை இல்லை என்பதுதான் பலருக்கும் உடனே தோன்றும் பதில். அதை நான் ஏற்கவில்லை.

2012 டிசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 பிள்ளைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் ஆறு, ஏழு வயதுதான். நான்கு மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 17 அன்று, அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் துப்பாக்கி மசோதா ஒன்றுக்கான திருத்தம் ஓட்டெடுப்புக்கு வந்தது. யாரிடமிருந்தும் துப்பாக்கியைப் பிடுங்கும் திருத்தம் இல்லை அது. உரிமம் பெற்ற கடையில் துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை ஏற்கெனவே சோதிக்கிறார்கள். கண்காட்சியிலும் இணைய விளம்பரம் பார்த்தும் வாங்குபவரையும் அப்படிச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். கொண்டுவந்த இருவரில் ஜோ மான்சின் ஜனநாயகக் கட்சி, பேட் டூமி குடியரசுக் கட்சி. ஆதரவாக 54 ஓட்டு, எதிராக 46. தோற்றுப்போனது! அங்கே விவாதத்தை முடித்து மசோதாவை நகர்த்த 60 பேர் வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இத்தனைக்கும் கருத்துக்கணிப்புகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இந்தச் சோதனை வேண்டும் என்றே சொன்னார்கள். ஆனால் செனட்டில் ஆள்கணக்கு செல்லாது. கிட்டத்தட்ட நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு இடம், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு இடம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. துப்பாக்கி உரிமையை உயிராக நினைப்பவர் அந்த ஒன்றுக்காகவே ஓட்டுப் போடுவார். சோதனை வேண்டும் என்பவரோ விலைவாசி, மருத்துவக் காப்பீடு, வரி என்று பத்தையும் பார்த்துப் போடுவார். வேட்பாளர் யாருக்குப் பயப்படுவார்?

ஆஸ்திரேலியாவைப் பார் என்பார்கள். 1996இல் போர்ட் ஆர்தரில் துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்த 12ஆம் நாளே பிரதமர் ஜான் ஹோவர்ட் கடுமையான துப்பாக்கிச் சட்டத்துக்கு எல்லா மாநிலங்களையும் சம்மதிக்க வைத்தார். பெரிய காரியம்தான், அதுவும் கிராமத்து ஓட்டுகளை நம்பியிருந்த கூட்டணியை வைத்துக்கொண்டு. ஆனால் அந்த நாட்டு அரசியலமைப்பில் துப்பாக்கி உரிமை என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் 1791இலிருந்து இருக்கிறது. அது தனிமனித உரிமையே என்று 2008இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

எதுவுமே மாறவில்லை என்பதும் சரியில்லை. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய மாணவர்கள் மாநிலத் தலைநகருக்கே போய் நின்றார்கள். ஒரு மாதத்துக்குள், குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட்டே துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் அவரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்து வைக்கவும் அதில் வழி உண்டு.

டெக்சாஸின் யுவால்டியில் 2022இல் 19 பிள்ளைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றவனுக்கு வயது 18. துப்பாக்கியைச் சட்டப்படிதான் வாங்கியிருந்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் கேட்டதும் இதே 21 வயதைத்தான். 2023இல் மசோதா குழுவைத் தாண்டியது, அவையில் ஓட்டெடுப்புக்கு வரவே இல்லை.