கடவுள் உண்டு என்பதும் இல்லை என்பதும் நம்பிக்கையா, ஆதாரமா?

"கடவுள் இல்லை என்பதும் ஒரு நம்பிக்கைதானே, அதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறதா?" என்று நண்பர் கேட்டதாகவும், பதில் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். ஆனாலும் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

திருநெல்வேலியில் குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிறது. பெருவெள்ளம் வந்தால் முழுகிவிடும். முழுகும் என்று தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து போகும்படி படகின் மூக்கைப் போலச் சுவர் வைத்திருக்கிறார்கள். மூலவர் பாறையோடு பாறையாக இருப்பவர், அவரை அசைக்க முடியாது. உற்சவரையும் உண்டியலையும் மட்டும் கரையிலிருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது ஓர் ஐப்பசி அடைமழையில் அதைப் பார்த்தேன். ஆறு செங்காவி நிறத்தில் வந்துகொண்டிருந்தது. படித்துறையில் மேலே இரண்டு படிகள்தான் தெரிந்தன. நான்கு பேர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு உற்சவரைத் தூக்கி வந்தார்கள். யாரோ ஒருவர் சாக்கை மடித்துக் கொங்காணியாக முருகன் தலையில் போட்டிருந்தார். அன்றைக்கே எனக்குச் சாமி விட்டுப்போயிற்று. தன்னைத் தூக்கிக்கொண்டு ஓட நான்கு ஆள் தேவைப்படுகிற சாமி யாரைக் காப்பாற்றும் என்று ஆச்சியிடம் கேட்டேன். ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: "பிள்ளை நனையலாமா, ஏலே? சளி பிடித்துக்கொள்ளாதா?"

இரண்டு பேரும் பார்த்தது ஒரே காட்சி. நடந்தது என்ன என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. எனக்கு அது கடவுள் இல்லை என்பதற்குச் சாட்சி. ஆச்சிக்கு அது தன் பிள்ளையை மழையிலிருந்து தூக்கி வந்த நாள். இன்றைக்கு யோசித்தால், அந்தக் காட்சி எதையும் நிரூபிக்கவில்லை. தன் சிலையை வெள்ளம் தொடவிடாத ஒரு கடவுள் இல்லை என்றுதான் அதிலிருந்து சொல்ல முடியும். அப்படி ஒரு கடவுள் உண்டு என்று ஆச்சி ஒருநாளும் சொன்னதில்லை. உண்மையில், அந்த வருடம் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. வீட்டில் நேர்ந்துகொண்ட எதுவும் பலிக்கவில்லை. கோபம் முதலில் வந்தது, வாதங்கள் பல வருடம் கழித்து வந்து சேர்ந்தன. நண்பர் சொல்லும் பாதி இதுதான்.

மீதிப் பாதியில் அவரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒருவன் ஒரு முடிவுக்கு எப்படி வந்தான் என்பது வேறு. அந்த முடிவுக்கு இன்றைக்கு என்ன பிடிமானம் இருக்கிறது என்பது வேறு. கோபத்தில் போட்ட கணக்கும் சரியாக இருக்கலாம், பக்தியோடு போட்ட கணக்கும் தப்பாகலாம். சரிபார்க்க வேண்டியது கணக்கை.

ஆன்மிகம் என்றால் கேள்வி கேட்காமல் நம்புவது என்று நினைக்கிறவர்கள் நம் மரபைச் சரியாகப் படிக்கவில்லை என்பேன். பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர் 18ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலுக்கு மாபாடியம் என்ற பேருரை எழுதினார். காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானிப்பது), உரை (நூல்களின் சொல்) என்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, வைத்து வாதிடுகிற மரபு அது. பானைக்கு மண்ணும் திரிகையும் குயவனும் வேண்டியிருப்பதுபோல் உலகத்துக்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்பது அந்தச் சித்தாந்தம். மணிமேகலையில் இன்னும் சுவையான இடம் இருக்கிறது. கண்ணால் காண்பதைத் தவிர வேறு அளவை செல்லாது என்கிற பூதவாதியிடம் (உலகம் பஞ்சபூதங்களின் சேர்க்கை மட்டுமே என்பவரிடம்), உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிவாய் என்று மணிமேகலை கேட்கிறாள். கண்ணில் காட்டினால்தான் ஆதாரம் என்று பேசுகிறவர்களுக்கு இன்றும் அந்தக் கேள்வி வலுவானது.

ஆனால் என் அனுமானத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறது. அம்மாவுக்குப் பேறு பார்த்தவர்கள் இருந்தார்கள், பக்கத்து வீட்டார் இருந்தார்கள். காருகுறிச்சியில் வேளார் சக்கரத்திலிருந்து பானையை நூலால் அறுத்தெடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பானையைக் கண்டதும் வேளாரை நினைக்கிறேன். உலகம் ஒன்று வனையப்படுவதை யாரும் நின்று பார்த்ததில்லையே. அந்த இடத்தில் எனக்கு வாதம் நின்றுவிடுகிறது. சான்று போதவில்லை, ஆகவே ஏற்கவில்லை என்கிறேன். இதை நம்பிக்கை என்று அழைப்பது சரியில்லை. "கடவுள் இல்லவே இல்லை, எனக்கு நிச்சயமாகத் தெரியும்" என்று ஒருவர் சொன்னால், அவரிடம் நண்பர் தாராளமாக ஆதாரம் கேட்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. நெல்லையப்பர் காப்பாற்றினார் என்கிறார். வேதசர்மர் காயப்போட்ட நைவேத்திய நெல்லை நனையவிடாமல் இறைவன் வேலியிட்டதால் நெல்வேலி என்று பெயர் வந்ததாகச் சொல்லும் ஊர் இது. ஆனால் அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல்லும் வாழையும் வயலோடு முழுகிக் கிடந்தன. நின்ற தண்ணீரைச் சான்றாக வைத்தால் முழுகிய வயலையும் சேர்த்து வைக்க வேண்டும். அவர் நன்றி சொல்வதை நான் தடுக்க மாட்டேன். அதை நிரூபணமாக நீட்டும்போதுதான் மறுக்கிறேன்.

நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: எதைக் கண்டால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள்? என் பதில் இது. ஒரு வேண்டுதல் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, பலித்ததையும் பலிக்காததையும் விடாமல் எழுதிவைத்து, தற்செயலாக நடக்கக்கூடியதைவிட மிகக் கூடுதலாக அது திரும்பத் திரும்பப் பலித்தால், நான் என் முடிவைத் திறந்து பார்ப்பேன். கல்லூரியில் படிக்கும்போது இதே கேள்வியை ஆச்சியிடமும் கேட்டேன். திரி திரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தாமல், "அவனும் இல்லை என்றால் விடியற்காலையில் நான் யாரோடு பேசுவேன்?" என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.