மீன்கொத்தி ஏன் கரிக்கட்டையாக வருகிறது?

கேள்வி: எங்கள் வீடு தாம்பரம் பக்கம். எதிரே கேபிள் ஒயரில் தினமும் ஒரு மீன்கொத்தி வந்து உட்காருகிறது. கேமராவைத் தூக்கியதும் பறந்துவிடுகிறது. பறக்காத நாளில் படம் கரிக்கட்டையாக வருகிறது. தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் 70–300 மி.மீ. லென்ஸ் என்னிடம் இருக்கிறது. இன்னும் கிட்டக் காட்டும் 600 மி.மீ. இருந்தால்தான் பறவை எடுக்க முடியும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? பால்கனியில் படர்ந்த கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. அதையாவது எடுக்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். படம் கறுப்பதற்கும் லென்ஸுக்கும் சம்பந்தமில்லை. ஒயருக்குப் பின்னால் வெறும் வானம். அந்த வெளிச்சத்தைப் பார்த்து மிரண்டு கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுகிறது. பிளஸ், மைனஸ் குறி போட்ட பொத்தான் இருக்கும். அதை பிளஸ் ஒன்றில் வையுங்கள், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். வானம் வெளுத்துப் போகும், போகட்டும். நீலச் சிறகும் காப்பிக்கொட்டை நிறத் தலையும் தெரியும். உங்கள் வீடு கிழக்குப் பார்த்தது என்றால் காலை வெயில் எதிரே அடிக்கும். மாலை நாலரைக்கு மேல் எடுங்கள்.

அது பறப்பது உங்கள் அசைவுக்கு. தண்ணி லாரி ஹாரனுக்கு அசையாத பறவை, ஓர் ஆள் எழுந்து நின்று குறி பார்த்தால் ஓடிவிடும். ஆனால் மீன்கொத்தி அதே ஒயருக்குத் திரும்பி வரும். அது வருமுன் நாற்காலி போட்டு, கேமராவைக் கண்ணருகே வைத்து உட்கார்ந்துவிடுங்கள். அப்புறம், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் மாடித் தொட்டி மறைவில் மூன்று நாள் பதுங்கியிருந்தேன்; நாலாம் நாள் எதிர்வீட்டு மாமா, "யாரைப்பா படம் பிடிக்கிறே?" என்று படியேறி வந்துவிட்டார். கரிச்சான் படத்தைக் காட்டிய பிறகுதான் இறங்கினார்.

இப்போது அந்த 600. உச்சி வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே கானல் ஆடும். எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் அந்த ஆட்டமும் சேர்ந்துதான் பெரிதாகும். இதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். "பில் வேண்டாம் சார், பத்தாயிரம் குறைச்சுத் தர்றேன்" என்பார்கள். பில் இல்லாமல் வாங்கிய லென்ஸோடு சர்வீஸ் சென்டரில் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்: டோக்கன் போட்டு மூன்று கவுன்டர் சுற்றி, கடைசியில் "இது இந்திய வாரண்டி இல்லை" என்ற ஒரே வரி. பழையது வாங்கினால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, விலை கேட்காமலே திரும்புங்கள்.

இவர்களை விட மோசம், கூடு காட்டித் தருகிறேன் என்று தலைக்கு இவ்வளவு வசூலிக்கும் தரகர்கள். படம் தெளிவாக விழ, கூட்டை மறைக்கும் கிளையை ஒடித்தே போடுவார்கள். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குள்ளேயே முட்டையைச் சிதைப்பதும் கூட்டைக் கலைப்பதும் அடக்கம். சட்டம் இருக்கிறது, கேட்கத்தான் நாதியில்லை. கூட்டுப் படம் எடுக்கவே கூடாது என்று நான் கறாராகச் சொல்வது இதனால்தான்.

உங்கள் தேன்சிட்டு மட்டும் வேறு கதை. அது உங்களைத் தேடி வந்திருக்கிறது; நீங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டா போக முடியும்? எடுங்கள், ஆனால் அறைக்குள்ளிருந்து. ஜன்னல் கதவைத் திறக்காதீர்கள். விளக்கை அணைத்து, லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தால் உங்கள் முகம் அதில் விழாது. ஃபிளாஷ் கூடாது. ஓர் இலையைக்கூட ஒதுக்காதீர்கள், காக்கை அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருக்கிறது. தாய் ஜன்னலைப் பார்த்துக் கத்திக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் சுற்றினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். முட்டையிலிருந்து குஞ்சு பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை துணியைப் பால்கனியில் போடாமல் மொட்டைமாடியில் காயப்போடச் சொல்லுங்கள்.