மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்

வாசகர் கேள்விகள்: வாடகை வீடு

கேள்வி: மகளுக்கு ஓ.எம்.ஆரில் வேலை கிடைத்திருக்கிறது. பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் வீடு பார்க்க வருகிறோம். ஒரே நாளில் ஆறு வீடு காட்டுவதாக ப்ரோக்கர் சொல்கிறார். சென்னை எங்களுக்குப் பழக்கமில்லை. எதைப் பார்த்து முடிவு செய்வது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

ப்ரோக்கர் உங்களை நேராக பால்கனிக்குத்தான் கூட்டிப் போவார் அம்மா. "காத்து பாத்தீங்களா?" என்பார். காற்று எங்கும் ஓடிப்போகாது. நீங்கள் மேலே ஏறுவதற்கு முன்னால் மாடிப்படிக்கு அடியில் கொஞ்சம் நில்லுங்கள். மீட்டர் பெட்டி அங்கேதான் இருக்கும்.

நான் மின்வாரியத்தில் 31 வருடம் கணக்கீட்டாளராக இருந்தவன். ரீடிங் எடுக்கிறவனை யாரும் வரவேற்பறைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் வீடுகளை நான் பின்பக்கமிருந்து பார்த்துத்தான் பழக்கம். மாடிப்படி அடி, சம்ப் மூடி, மோட்டார் ரூம், கட்டிப் போட்டிருப்பதாகச் சொல்லப்படும் நாய். ஒரு வீட்டின் யோக்கியதை முக்கால்வாசி அங்கேயே தெரிந்துவிடும்.

முதலில் உங்கள் வீட்டுக்கு எது மீட்டர் என்று கேட்டு, ரீடிங் குறித்து வைக்கும் அதன் வெள்ளை அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். அட்டை தொலைந்துவிட்டது என்றால், சரி, சர்வீஸ் நம்பரைப் போட்டு பழைய பில்களைப் போனில் காட்டச் சொல்லுங்கள். பாக்கி இருக்கிறதா என்பது ஒன்று. முன்னால் இருந்தவர் கட்டாமல் போயிருந்தாலும் ஃப்யூஸைப் பிடுங்குவது இந்த இணைப்பில்தான். அந்த நேரத்தில் "நாங்க புதுசா வந்தவங்க" என்று சொல்லிப் பயனில்லை.

அதைவிட முக்கியமானது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்பது. கோடையில் எந்த வீட்டிலும் மீட்டர் வேகமாக ஓடும். ஃபேன் நிற்காது, ஏசி இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு வீட்டில் மட்டும் வருடா வருடம் மே, ஜூன் கணக்கில் இருபது, முப்பது யூனிட் என்று எண் படுத்துக் கிடந்தால், அப்போது வீடு பூட்டிக் கிடந்தது என்று அர்த்தம். குடியிருந்தவர் வெயிலுக்கு ஓடவில்லை. பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சத்துக்குத்தான் ஓடியிருப்பார். ஓனர் சொல்லாததை அட்டை சொல்லிவிடும்.

இவ்வளவு பேசுகிற நானே 2012-ல் மடிப்பாக்கத்தில் ஏமாந்தேன். தனி மீட்டர், புது ஒயரிங், அழகான பெட்டி. தொழில்காரன் கண்ணுக்கு அதுவே போதும் என்று நினைத்து அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். போனது ஜனவரியில். ஏப்ரலில் போர் தண்ணீர் மஞ்சளாக வந்தது, மே மாதம் அதுவும் நின்றது. லாரிக்குச் சொன்னோம். வந்தது 12,000 லிட்டர் லாரி. ஆறு வீட்டுக்கும் சேர்த்து இருந்த சம்ப் 8,000 லிட்டர்தான். மிச்சத்தை எங்கே ஊற்றுவது? லாரிக்காரர் முழுக் காசையும் வாங்கிக்கொண்டு மீதித் தண்ணீரோடு போய்விட்டார். தெருமுனை திரும்பும் வரை என் மனைவி அந்த லாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க சம்ப் எத்தனை லிட்டர்?"

நீங்களும் கேளுங்கள். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டபோது இந்தக் கட்டடத்தில் என்ன செய்தார்கள் என்று விசாரியுங்கள். ஓனரிடம் கேட்க வேண்டாம், அவர் வேளச்சேரியில் வேறு வீட்டில் இருப்பார். வாட்ச்மேனிடம் கேளுங்கள், இல்லையென்றால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம். அந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு எத்தனை லாரி வந்தது என்று அவருக்கு அத்துப்படி.

வெள்ளத்துக்கும் மீட்டர் பெட்டியே சாட்சி. பெட்டி தலைக்கு மேலே இருக்கிறது, சுவரில் இடுப்பு உயரத்தில் பழைய திருகாணி ஓட்டைகள் பூசப்படாமல் இருக்கின்றன என்றால், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். 2015 டிசம்பருக்குப் பிறகு அப்படி ஏற்றி வைத்த பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களில் 2023 மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்றது. தரைத்தளம் என்றால் ஆயிரம் ரூபாய் குறைவாகச் சொல்வார்கள். மகளை அந்த ஆயிரத்துக்காகக் கீழே வைக்காதீர்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு பால்கனிக்குப் போங்கள்.

கேள்வி: ஓனர் கீழே, நாங்கள் மாடியில். ஒரே மீட்டர்தான், எங்களுக்கு சப்-மீட்டர். யூனிட்டுக்கு 10 ரூபாய் கேட்கிறார். பக்கத்து வீடுகளை விட வாடகை ஆயிரம் ரூபாய் குறைவு. போகலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு நீங்கள் 280 யூனிட் எரிப்பதாக வைத்துக்கொள்வோம். 10 ரூபாய் வீதம் 2,800. தனி மீட்டர் இருந்திருந்தால் அதே 280 யூனிட்டுக்கு ஆயிரம் ரூபாயைத் தொட்டிருக்காது. ஏனென்றால் 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். அது இணைப்புக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. இரண்டு குடும்பம் ஒரு மீட்டரில் இருந்தால் ஒரு நூறுதான்.

அதோடு முடியவில்லை. உங்கள் 280, அவருடைய 280, சேர்ந்து 560. ஐந்நூறைத் தாண்டிவிட்டால் குறைந்த படியில் கிடைக்கும் சலுகையும் போய், மேல்படி விலை விழும். ஓனரைத் திட்டியும் பயனில்லை, அவருக்கும் பில் எகிறத்தான் செய்யும். ஆனால் 10 ரூபாய் என்பதில் அவர் நஷ்டப்படவில்லை என்பதை மட்டும் ஒரு பழைய கணக்கீட்டாளராக உறுதியாகச் சொல்வேன்.

மொத்தத்தில் மாதம் 900 ரூபாய்க்கு மேல் கூடுதலாக மின்சாரத்துக்குப் போகிறது. வாடகையில் குறைந்த ஆயிரம் அங்கேயே சரியாகிவிட்டது. வீடு மனசுக்குப் பிடித்திருந்தால், தனி இணைப்பு வாங்கித் தந்தால் வருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். செலவில் பாதி உங்களுடையது என்றால் இறங்கி வருவார்.

கேள்வி: வாடகை 18,000. பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடிப்போம் என்றும் சொல்கிறார்கள். சட்டத்தில் இதற்கு இடமுண்டா?
– ஒரு வாசகர், கோயம்பேடு

1960-ம் வருடத்து வாடகைச் சட்டம் போய், 2017-ம் வருடத்துச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. அதன்படி மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. உங்களுக்கு 54,000. ஆனால் இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் என்று ஒரு சின்ன வாசலும் அதே பிரிவில் இருக்கிறது. 1,80,000 ரூபாயும் அந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே பேரத்தைப் பேனாவை எடுப்பதற்கு முன்னால் முடியுங்கள். ஐந்து மாதத்துக்கு இறங்கி வருகிற ஓனர்கள் இருக்கிறார்கள், குறிப்பாக இரண்டு மாதமாக டூலெட் போர்டு தொங்குகிற வீட்டில்.

பெயிண்டிங் விஷயம் சுவாரசியமானது. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பிரித்துப் போட்டிருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் ஓனர் பக்கத்தில் இருக்கின்றன. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட் எல்லாம் நம் பக்கம். இதைச் சொன்னால் "வழக்கம் சார்" என்பார்கள். வழக்கம்தான். நானும் நான்கு வீட்டில் பெயிண்டிங்குக்கு அழுதிருக்கிறேன், அதில் இரண்டு வீட்டுக்குப் பெயிண்டே அடிக்கவில்லை. ஒரு மாத வாடகை என்று ஒப்பந்தத்தில் எழுதவிடாதீர்கள். எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், உண்மையில் அடித்த செலவுக்கு ரசீது காட்டினால் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தை 11 மாதம் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி பீரோவில் வைப்பது பழைய பழக்கம். இப்போது எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அரசு இணையதளத்திலேயே செய்யலாம். நாளைக்கு அட்வான்ஸ் திரும்பி வரவில்லை என்று போய் நிற்பதற்கு அந்தப் பதிவு எண் வேண்டும்.

கேள்வி: 8 லட்சம் கொடுத்தால் மூன்று வருடம் வாடகையே இல்லை, லீஸ் என்கிறார்கள். நல்லதுதானே?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மூலப் பத்திரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். "பேங்க்ல இருக்கு" என்று பதில் வந்தால் வீடு அடமானத்தில் இருக்கிறது. கடன் கட்டாமல் ஏலத்துக்கு வந்தால், உங்கள் 8 லட்சத்துக்காக அந்த வங்கி காத்திருக்காது. நானாக இருந்தால் வாடகைக்கே போவேன்.

கேள்வி: ஆடியில் வீடு மாறலாமா?
– ஒரு வாசகர், பெரம்பூர்

சாஸ்திரம் எனக்குத் தெரியாது. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், அதனால் வீடு நிறைய காலியாக இருக்கும், ஓனரும் பேச்சுக்கு இறங்குவார். ஆடியில் பேசி முடித்து டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆவணி பிறந்ததும் போங்கள். அப்புறம், பால் காய்ச்சுகிற அன்று அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் கீழே இறங்கி மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.