மேற்குப் பார்த்த பழைய வீட்டுக்கு எந்த ஆனிங் பொருந்தும்?

கேள்வி: மந்தைவெளியில் 1950களில் கட்டிய எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. கூடத்தின் இரண்டு ஜன்னல்களும் 4 அடி உயரம். அவற்றின் மேல் 2 அடி சன்ஷேட் இருந்தும் மாலை வெயில் பாதிக் கூடம்வரை வந்துவிடுகிறது. வாசலுக்கு மேல் மறைப்பே இல்லை. மாடியில் மூலை வளைந்த பால்கனி உள்ளது. முகப்பு முழுவதற்கும் 22 அடி நீளத்துக்கு நீல நிற பாலிகார்பனேட் ஷீட் போடலாம் என்கிறார் கடைக்காரர். சுருட்டி வைக்கக்கூடிய, சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி ஆனிங் (சுவரிலிருந்து வெளியே நீட்டிப் பொருத்தும் மறைப்பு) வேண்டும் என்கிறாள் மகள். வீட்டின் தோற்றம் கெடாமல் எதைப் போடுவது?

பதில்: இரண்டும் வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்கு ஆனிங் தேவைப்படுவது வாசலுக்கு மட்டும்தான்; ஜன்னல்களுக்கு வேறு வழி இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வளைந்த மூலை, மாடித்தள மட்டத்தில் வீட்டைச் சுற்றி ஓடும் சிமெண்ட் பட்டை, மெல்லிய சன்ஷேட் ஆகியவை பாரிமுனை டேர் ஹவுஸ் கட்டடத்தில் பெரிய அளவில் காணும் ஆர்ட் டெகோ என்ற கட்டடப் பாணியின் வீட்டு வடிவம். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கங்களில் இத்தகைய வீடுகள் இன்னும் சில எஞ்சியிருக்கின்றன. இவற்றின் முகப்பில் சிற்ப வேலையோ தூண் வரிசையோ கிடையாது. கிடைக்கோடுகளும் அவை சுவரில் இடும் நிழலும்தான் மொத்த அழகும். 22 அடி ஷீட் அந்தக் கோடுகள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மறைத்துவிடும். போதாக்குறைக்கு, நீல ஷீட்டின் கீழ் நிற்பவர் முகம், சுவர், கோலம் எல்லாமே நீலம் பாய்ந்து தெரியும். வாசலில் யாரையாவது நிற்கவைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

சன்ஷேட் இருந்தும் ஏன் வெயில் வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மே மாதம் மாலை 4 மணிக்குச் சென்னையில் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 34 டிகிரி உயரத்தில் நிற்கிறது. 5 மணிக்கு அது 20 டிகிரிக்கு இறங்கிவிடும். 34 டிகிரி வெயிலில் 1 அடி நீட்டல் சுவரில் 8 அங்குல நிழலைத்தான் தரும். ஆகவே உங்கள் 2 அடி சன்ஷேட் 4 மணிக்கு 1 அடி 4 அங்குலத்தை மறைக்கும். மீதி ஜன்னல் முழுவதும் வெயில்தான். படுக்கை வாட்டில் நீட்டியே 4 அடியையும் மறைக்க வேண்டுமானால் 6 அடி வெளியே வர வேண்டும், 5 மணிக்கு அதுவும் போதாது. இதே ஜன்னல்கள் தெற்குப் பார்த்திருந்தால் 2 அடியே ஏறக்குறைய போதும். டிசம்பர் நண்பகலிலும் இங்கே சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கிறது; ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. மேற்கு வெயிலுக்கு மட்டும் நீட்டுவது பயன் தராது, தொங்கவிட வேண்டும். வெட்டிவேர் தட்டி கட்டிய நம் பெரியவர்கள் செய்ததும் அதைத்தான்.

ஆகவே இருக்கும் சன்ஷேட்டின் அடியில், விளிம்பை ஒட்டி, சுருட்டி இறக்கும் கேன்வாஸ் திரையோ மூங்கில் தட்டியோ போடுங்கள். 2 அடி இறக்கினாலே 4 மணி வெயில் ஜன்னலில் 3 அடி 4 அங்குலம்வரை மறைந்துவிடும். கீழே எஞ்சும் இடைவெளியில் காற்று வரும், தெருவும் தெரியும். திரை ஜன்னலைவிட இருபுறமும் 9 அங்குலமாவது அகலமாக இருக்கட்டும், ஏனென்றால் மாலைச் சூரியன் மே, ஜூனில் வடமேற்குப் பக்கமாகவும் டிசம்பரில் தென்மேற்குப் பக்கமாகவும் சாய்ந்து ஓரத்தில் நுழையும். கீழ்க்கம்பை இரண்டு முனையிலும் கயிற்றால் கட்ட வசதி செய்யுங்கள். சன்ஷேட் விளிம்பில் இதைவிடக் கனமான எதையும் மாட்டாதீர்கள். தொழிலின் தொடக்கத்தில் நான் ஒரு பழைய சன்ஷேட்டின் நுனியில் ஆனிங் பிராக்கெட்டுக்குத் துளை போடச் சொல்லி, உள்ளே துருவேறி உப்பியிருந்த கம்பியோடு ஒரு கை அகலச் சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. கீழே ஆள் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

இனி வாசல். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை சாயங்காலத்தில் இடியோடு வரும் மழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வருவதால் சாரல் நேராக உங்கள் கதவில் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வடகிழக்கிலிருந்து வருவது, அதை உங்கள் வீட்டின் பின்புறம் தாங்கிக்கொள்ளும். கதவு 4 அடி அகலம் என்றால் ஆனிங் 6 அடி அகலமும் 4 அடி நீட்டலும் போதும். சிமெண்ட் பட்டையைத் தொடாமல் அதற்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து 9 அடியில் பொருத்தி, முன்விளிம்பை 8 அடிக்கு இறக்குங்கள். 4 அடிக்கு 1 அடி என்ற இந்தச் சரிவு குறைந்தால் துணியில் தண்ணீர் தேங்கித் தொட்டிபோல் தொங்கும். முன்னால் தொங்கும் பட்டி 9 அங்குலம் இருக்கட்டும். அலை அலையான வெட்டு வேண்டாம், நேர்விளிம்பு உங்கள் வீட்டின் கோடுகளோடு சேரும். விளிம்பும் அதில் வடியும் தண்ணீரும் உங்கள் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும். தெருவின் மேலோ அண்டைவீட்டுப் பக்கமோ நீளக்கூடாது.

சுருட்டும் ஆனிங் கெட்டதல்ல. ஆனால் அது மென்காற்றுக்கான பொருள். காற்று வலுக்கும்போது சுருட்ட வீட்டில் ஆள் வேண்டும், நனைந்த துணியைச் சுருட்டினால் சென்னை ஈரத்தில் பூசணம் பிடிக்கும். கட்டடங்களுக்கான இந்திய நெறிமுறை சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ விசை விழும். உங்கள் 24 சதுர அடி ஆனிங்குக்கு 300 கிலோவைத் தாண்டும். பெரும்பாலும் அது கீழிருந்து மேலே தூக்கும் விசை, எடையை மட்டும் பார்த்து போல்ட் போடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்தபோது நகரில் இது கண்கூடாகத் தெரிந்தது. அதனால் நான் சொல்வது, சுவரில் நிலையாக இருக்கும் சட்டமும், வளையங்களில் கயிறு கோத்து இழுத்துக் கட்டிய துணியும். புயல் எச்சரிக்கை வந்தால் பத்து நிமிடத்தில் துணியை அவிழ்த்து உள்ளே வைத்துவிடலாம்.

சட்டத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்த அலுமினியமே என் தேர்வு. கடற்கரை அருகில் இருப்பதால் ஜிஐ பைப்பை (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெல்டிங் செய்தால் துத்தநாகப் பூச்சு எரிந்த அந்த இணைப்புகளிலிருந்தே துரு தொடங்கும். போல்ட்டுகள் 316 தரத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். எஃகும் அலுமினியமும் சேரும் இடத்தில் நைலான் வாஷர் அவசியம். பழைய செங்கல் சுவரில், முடுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் வகை ஆங்கர் செங்கல்லைப் பிளந்துவிடலாம் என்பதால் கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பிப் போல்ட்டை ஒட்டவைப்பது) கேளுங்கள், அல்லது போல்ட்டைச் சுவரின் மறுபக்கம்வரை செலுத்தித் தகடு வைத்து முடுக்கச் சொல்லுங்கள்.

துணி, நூலிலேயே சாயம் ஏற்றி நெய்த அக்ரிலிக்காக இருந்தால் சீக்கிரம் வெளுக்காது. நிறத்தை வெளியே தேடாமல் வீட்டிலிருந்தே எடுங்கள்: படியின் சிவப்பு ஆக்சைடு, ஜன்னலின் பச்சை இரண்டில் ஒன்று, கோடில்லாமல். மகளுக்குச் சிவப்புதான் வேண்டுமென்றால் அந்த ஆக்சைடுச் சிவப்பே இருக்கிறது. கடையில் குழல்விளக்கின் கீழ் முடிவு செய்யாமல், ஒரு கஜம் மாதிரித் துணி வாங்கி வந்து மாலை 4 மணிக்குக் கதவுக்கு மேல் பிடிக்கச் சொல்லி எதிர்வாடையிலிருந்து பாருங்கள்.

பால்கனியின் வளைவை எதைக் கொண்டும் மூடாதீர்கள். வெயில் தாங்கவில்லையென்றால் கைப்பிடிச் சுவருக்கு உட்புறமாக ஒரு தட்டி போதும். வேலையைச் செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி மழையில் ஊறிய சுவரில் துளை போட்டால் கெமிக்கல் ஆங்கர் சரியாகப் பிடிக்காது.