ஹோர்ட்டன் சமவெளியில் குடும்பத்தோடு நடக்கப் போகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நான் நுவரெலியாக்காரன். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்தால் சமவெளிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. அப்படிப் பல தடவை நடந்த பாதை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

'சமவெளி' என்ற பெயரை நம்பி, ஊர்ப் பூங்காவில் உலாத்தப் போவது போலக் கிளம்பிவிடாதீர்கள். அது 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் மலைமேடு. சுற்றுப்பாதை ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர், பிள்ளைகளோடு போனால் நான்கு மணித்தியாலம் பிடிக்கும். செருப்போடு வருபவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு இறங்குகிற இடத்தில் மரவேரும் ஈரச் சேறும்தான் படிக்கட்டு. பிடிப்புள்ள சப்பாத்து கட்டாயம். அப்புறம் ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு. காலையில் பல் கிட்டும், வெயில் ஏறினால் முகம் எரியும். தை, மாசியில் விடியற்காலைப் புல்லில் உறைபனிகூட இருக்கும்.

நேரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். காலை ஆறு மணிக்கே தேசியப் பூங்கா வாசலில் நில்லுங்கள். நுவரெலியாவிலிருந்து போவதானால் ஐந்து மணிக்கு முன்பே வண்டி எடுக்க வேண்டும். ஒன்பது, ஒன்பதரைக்குப் பிறகு எந்த நிமிடத்திலும் பனிமூட்டம் ஏறிவிடும்.

ஒரு தடவை அத்தை குடும்பத்தோடு தாமதமாகக் கிளம்பி, சமவெளி செங்குத்தாக முடிகிற பாறை விளிம்பான 'உலக முடிவு' போய்ச் சேரும்போது மணி பத்தரை. கீழே தேயிலைத் தோட்டமும் தகரக் கூரைகளும் பளிச்சென்று தெரிந்தன. ஐந்து நிமிடத்தில் எல்லாம் வெள்ளை. பத்தடி தள்ளி நின்ற அத்தையின் சிவப்புச் சால்வை கண்முன்னே மங்கி மறைந்தது. அவரின் சின்னவன் "அம்மா" என்று கூப்பிடுகிறான், எந்தப் பக்கமிருந்து என்று புரியவில்லை. "எல்லாரும் நின்ற இடத்திலேயே உட்காருங்கள்" என்று கத்தினேன். நான் தவழ்ந்து போய்த்தான் பையனின் கையைப் பிடித்தேன். பனி கலைய இருபது நிமிடம் ஆனது. அந்தப் பாறைக்கு அப்பால் பள்ளம் சுமார் 870 மீட்டர். ஆகவே மூட்டம் சூழ்ந்தால் ஒரு அடிகூட எடுத்து வைக்காதீர்கள், உட்கார்ந்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் இதை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

வெளிச்சம் நன்றாக இருக்கும்போதும் ஆபத்து உண்டு. 2015இல் தேனிலவுக்கு வந்த நெதர்லாந்துக்காரர் ஒருவர், மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் கால் வைத்து விழுந்தார். 130 அடி கீழே ஒரு மரத்தில் சிக்கியதால் பிழைத்தார். இராணுவத்தினர் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். படம் எடுப்பவர், எடுக்கப்படுபவர் இருவருமே விளிம்புக்கு முதுகு காட்டக் கூடாது. நான் உட்கார்ந்துகொண்டுதான் படம் எடுப்பேன்.

பாதையை விட்டு விலக வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள். புல்தானே, நாலு எட்டு வைத்தால் என்ன என்று தோன்றும். அந்தப் புல்லுக்கு அடியில் ஸ்பொஞ்சு போல நீர் தேக்கும் கறுப்பு மண். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்துதான் நீர் ஊறி இறங்குகிறது. மிதித்து இறுகிய இடத்தில் மழைநீர் வாய்க்காலாக ஓடி மண்ணை அரித்துக்கொண்டு போகும், புல் திரும்ப வருடக்கணக்காகும். சேறு கிடந்தாலும் சேற்றிலேயே நடங்கள், ஓரத்தால் சுற்றிப் போகாதீர்கள். நாலு பேர் சுற்றினாலே புதுப் பாதை விழுந்துவிடும். பீடி, சிகரட் வேண்டவே வேண்டாம். வரட்சிக் காலத்தில் இந்தப் புல் பற்றினால் அணைப்பது பெரும்பாடு.

வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபளைக்கூட உரித்துவிடுவார்கள். சிலர் அங்கே சத்தம் போடுவார்கள். தயவுசெய்து நீங்கள் போடாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்தில் கொம்புள்ள மரை (பெரிய மான்) ஒன்று, வான் வண்டியின் ஜன்னல் வழியாகத் தலையை விட்டுப் பாண் பையைக் கவ்வியதை நான் பார்த்திருக்கிறேன். பாணை விழுங்கிவிட்டது. பை பாதி வாயில், பாதி வெளியே தொங்க, நிதானமாக மென்றுகொண்டே நின்றது. என்னால் எட்டிப் பிடுங்க முடியவில்லை. வயிற்றில் பொலித்தீன் அடைத்து இங்கே மரைகள் செத்திருக்கின்றன. அது கையருகில் வந்து நிற்கும், பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், ஆனாலும் ஒரு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். அதன் கொம்பும் குளம்பும் பிள்ளைகளுக்கு ஆபத்து. மரை மனிதரோடு பழகிவிட்டால் காட்டில் மேயாமல் வண்டிகளுக்குப் பின்னால் அலையத் தொடங்கும்.

சாப்பாட்டைச் சாப்பாட்டுப் பெட்டியில் கட்டுங்கள். தோடம்பழத் தோல், முட்டை ஓடு எல்லாம் திரும்பப் பையில் வர வேண்டும், அந்தக் குளிரில் அவை லேசில் மக்காது. நீர்வீழ்ச்சியைப் பார்த்ததும் இறங்கிக் குளிக்க மனம் வரும். பாறை பாசி பிடித்து வழுக்கும், வேண்டாம்.

பிள்ளைகளின் வயதை நீங்கள் சொல்லவில்லை. ஐந்து வயதுக்குக் குறைவு என்றால் முழுச் சுற்று வேண்டாம். உலக முடிவு வரை போய் வந்த வழியே திரும்பினாலும் தூரம் பெரிதாகக் குறையாது. அதைவிடச் சிறிய பள்ளமுள்ள 'மினி உலக முடிவு' வரை போய்ப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். அங்கேயும் பள்ளம்தான், கையை விடாதீர்கள்.